மாப்ளே, ஃபியூஸ் எதுக்கு?

வாரும் மாப்ளே, உக்காரும். போன் அடிச்சா கிணத்து மோட்டார் ஓடுற பெட்டி ஒண்ணு செஞ்சு முடிச்சிட்டீராமே! உம்ம அய்யா டீக்கடையில நாலு பேரு கேக்கச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. "எம் மவன் படுத்த பாயில இருந்தே தண்ணி பாய்ச்சுவான்"னாரு. படிச்ச பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கணும். நாங்கள்லாம் மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் நடந்தே காலத்தை ஓட்டின ஆளுக. எங்களுக்கு என்ன தெரியும்?

பெட்டியைத் தொறந்து காட்டும், பாப்போம். ஆகா! 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு, சிம்800எல் மோடம் ஒண்ணு, ரெண்டு ரிலே. நடுவுல நீலக் கலர்ல தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு. எல்எம்2596. பேட்டரியோட 12 வோல்ட்டை மோடத்துக்கு 4 வோல்ட்டாக் கொறைச்சுக் குடுக்குற பக் ரெகுலேட்டர். வித்தவன் "3 ஆம்ப்"னு சொன்னான், நீரும் நம்பிட்டீரு. நல்ல மனசு மாப்ளே உமக்கு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசு கெடைக்காது.

பெட்டி முழுக்கத் தேடிட்டேன், ஃபியூஸைக் காணோம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஃபியூஸ் எதுக்கு? கெட்டுப் போற சாமானுக்குத்தானே ஃபியூஸ் வேணும். உம்ம கை பட்ட சாமான் கெட்டுப் போகுமா என்ன? "டேபிள்ல வச்சு ரெண்டு நாள் ஓடுச்சு மாமா"ங்கீரு. சரிதான். டேபிள்ல ஓடாத பெட்டியை உலகத்துல எவனும் செஞ்சதே கெடையாது. வயக்காட்டுல ஓடுறதுதான் கொஞ்சம் கஷ்டம்.

அந்தச் சில்லு என்ன பண்ணுதுன்னு முதல்ல பேசிருவோம், கோவிச்சுக்கிடாதேயும். பழைய ரெகுலேட்டர், எல்எம்317 இருக்கே, அது 12 வோல்ட்டை 4 ஆக்கணும்னா மிச்சம் 8 வோல்ட்டையும் சூடாக்கிக் காத்துல விட்டுரும். 1 ஆம்ப் போனா 8 வாட் வெறும் அனலு. பக் அப்படியில்ல. வாய்க்கால் மடையில நின்னுக்கிட்டு, தொறந்து அடைச்சு தொறந்து அடைச்சுத் தண்ணி விடுற நீர்பாய்ச்சியை நெனைச்சுக்கிடும். நொடிக்கு 1,50,000 தடவை தொறப்பாரு. ஒரு சுத்துக்கு 6.7 மைக்ரோ செகண்ட். அதுல மூணுல ஒரு பங்கு நேரம் மடை தொறந்திருந்தா, 12ல மூணுல ஒரு பங்கு, ஏறத்தாழ 4 வோல்ட், கீழ் வயலுக்குப் போகும். விட்டு விட்டு வர்ற தண்ணியைக் காயிலும் கெப்பாசிட்டரும் சேந்து சீரா ஓட விடும். மடையை அடைச்ச நேரத்துலயும் காயில் தன் ஓட்டத்தை நிறுத்தாது. அதுக்கு வழி விடுறதுதான் டயோடு. பாடம் முடிஞ்சுது.

இப்பக் கேளும். அந்த நீர்பாய்ச்சி மடையைத் தொறந்து வச்ச நேரத்துல மண்டையைப் போட்டுட்டா என்ன ஆகும்? அடைக்க ஆளில்லை. 12 வோல்ட்டும் நேரா கீழ் வயலுக்குப் பாயும். உள்ள இருக்கிற சுவிட்ச் டிரான்சிஸ்டர் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். பேட்டரி சார்ஜ்ல இருந்தா அது 12ம் இல்ல, 14 வோல்ட். உம்ம மோடம் தாங்குறது 3.4ல இருந்து 4.4 வரைக்கும். மீதியை நீரே கணக்குப் போட்டுக்கிடும். நீருதான் கணக்குல நூத்துக்கு நூறாச்சே.

சில்லு சாகுற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அதுக்கு முன்னாடியே உம்ம மோடத்தைக் காலி பண்ண ஒரு ஆளு அந்தப் போர்டுலயே உக்காந்திருக்காரு. தலையில பித்தளைத் திருகு வச்ச நீலப் பிரிசெட். என்ன அழகான சாமான்! ஸ்க்ரூடிரைவர் வச்சுத் திருகினா என்ன வோல்ட் வேணும்னாலும் வரும். அன்னைக்கு நீரு திருகும்போது நான் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். திருகித் திருகிப் பாத்தீரு, மீட்டர்ல ஒண்ணும் அசையல. "டூப்ளிகேட் போர்டு மாமா"ன்னு கடைக்காரனை வஞ்சீரு. பாவம், அவன் மேல தப்பில்ல.

அந்தச் சில்லு தன் ஃபீட்பேக் காலுல 1.23 வோல்ட் நிக்குற மாதிரி அவுட்புட்டைச் சரி பண்ணிக்கிடும். கீழ 330 ஓம், மேல 10 கிலோ ஓம் பிரிசெட். பிரிசெட் மொத்தமும் உள்ள இருந்தா சில்லு 38 வோல்ட்டுக்கு ஆசைப்படும். இருக்கிறது 12தானே? அதனால இருக்கிறதை எல்லாம் அள்ளிக் குடுத்துக்கிட்டு நிக்கும். பிரிசெட் சுமார் 2,600 ஓமுக்கு எறங்கின பெறகுதான் மீட்டர் அசையவே ஆரம்பிக்கும். 25 சுத்துப் பிரிசெட்ல அதுக்கு 18 சுத்து போயிருக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒன்றரை வோல்ட் எறங்கும். கால் சுத்துக்கு 0.37 வோல்ட். நீரு 4 வோல்ட்ல நிறுத்தி வச்சிருக்கீரு, மோடத்தோட எல்லை 4.4. உம்ம மோடத்தோட உசுரு அந்தத் திருகோட கால் சுத்துல தொங்கிக்கிட்டு இருக்கு. பக்கத்துலயே ஸ்டார்ட்டர் கான்டாக்டர் நாளைக்குப் பத்துத் தடவை 'டக்கு டக்கு'ன்னு அடிக்கும். ஆனாலும் உம்ம தைரியத்தை மெச்சணும்!

இன்னொண்ணு கேளும். அந்தப் பிரிசெட்டுக்குள்ள ஒரு சின்னத் தகடு கார்பன் மேலயோ செர்மெட் மேலயோ உரசிக்கிட்டு நிக்கும். தூசியோ ஈரமோ பட்டு அது தொடுப்பு விட்டுச்சுன்னு வச்சுக்கிடும். ஃபீட்பேக் காலுக்கு வோல்ட் வராது. சில்லு என்ன நெனைக்கும்? "அய்யோ, அவுட்புட் சைபராக் கெடக்கே"ன்னு மடையை முழுசாத் தொறந்து விட்டுரும். அந்த இடத்துல தொடுப்பு விட்டா வோல்ட் ஏறும். அதே பிரிசெட்டை 330 இருக்கிற கீழ்ப்பக்கம் வச்சிருந்தா, தொடுப்பு விட்டதும் வோல்ட் 1.23க்கு எறங்கிப் போயிருக்கும். மோடம் அணைஞ்சிருக்கும், ஆனா பொழைச்சிருக்கும். சாமான் அதேதான், காசும் அதேதான். எந்தப் பக்கம் வச்சா எந்தப் பக்கம் விழும்னு யோசிக்கிறதுலதான் வித்தையே இருக்கு.

உமக்கு எப்பவும் 4 வோல்ட்தானே வேணும்? பெறகு திருகு எதுக்கு? கீழ 330, மேல 750 ஓம், ரெண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். 1.23ஐ, ஒண்ணோட 750 பை 330ஐக் கூட்டிப் பெருக்கும். 4.03 வோல்ட். திருகவும் வேண்டாம், உம்ம மச்சான் வந்து "இது என்ன அத்தான்"னு திருகிப் பாக்கவும் முடியாது. வீட்டுக்கு வர்ற மச்சானுக ஸ்க்ரூடிரைவரைப் பாத்தா சும்மா இருக்க மாட்டானுக, எனக்குத் தெரியும்.

இப்ப ஃபியூஸுக்கு வருவோம். வேண்டாம்னுதான் சொன்னேன், இருந்தாலும் பேசிப் பாப்போமே. 7 ஆம்ப் அவர் பேட்டரின்னா 7 ஆம்ப்தான் குடுக்கும்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீரு. ஷார்ட் பண்ணிப் பாரும், அது பத்துப் பத்தா ஆம்ப்பை அள்ளி எறியும். உம்ம மெல்லிசு ஒயரு செவந்து, இன்சுலேஷன் உருகி, பெட்டியே ஒரு அகல் விளக்காயிரும். அதனால ஃபியூஸை ரெகுலேட்டர்கிட்ட வைக்கப்படாது. பேட்டரிப் பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள வைக்கணும். காப்பாத்த வேண்டியது பேட்டரியில இருந்து கெளம்புற ஒயரை. கார்ல போடுற பிளேடு ஃபியூஸ் 2 ஆம்ப் போதும். டிசிக்குன்னு ரேட்டிங் உள்ளதாப் பாத்து வாங்கும். ஏசியில நொடிக்கு 100 தடவை கரண்ட் சைபருக்கு வந்து போகும், தீப்பொறி தானா அணைஞ்சிரும். டிசியில அது விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தும், மோடத்தைக் காப்பாத்தாது. 14 வோல்ட் பாஞ்சா ஃபியூஸ் யோசிக்கிறதுக்குள்ள மோடம் போய்ச் சேந்திரும். அதுக்குக் க்ரோபார்னு ஒரு ஏற்பாடு உண்டு. அவுட்புட் 4.4ஐத் தொட்டா டிஎல்431 அதைக் கண்டுபிடிக்கும், ஒரு தைரிஸ்டரைத் தட்டி எழுப்பும். அது அவுட்புட்டை அப்படியே கிரவுண்டோட சேத்து அமுக்கிரும். கரண்ட் எகிறும், ஃபியூஸ் போகும், மோடம் பொழைக்கும். டிஎல்431 டேட்டாஷீட்லயே இதுக்குப் படம் போட்டிருக்கான். ஃபியூஸ் போற வரைக்கும் தைரிஸ்டர் தாங்கணும், அதை மட்டும் பாத்துக்கிடும். "ஒரு 4.7 வோல்ட் ஜீனர் போட்டாப் போதாதா மாமா"ங்கீரா? அந்த வோல்ட்டுல ஜீனர் ரொம்ப மெத்தனமான ஆளு. வேண்டாத நேரத்துல ஒழுகும், வேண்டிய நேரத்துல பிடிக்காது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல அந்த மாதிரி ஆளுகளை நான் நெறையப் பாத்திருக்கேன்.

ஃபியூஸ் இல்லாம க்ரோபார் மட்டும் வைக்கிற புத்திசாலியும் இருக்காரு. நீரு அந்த ரகம் இல்லைன்னு நம்புதேன்.

அடுத்தது டயோடு. போர்டுல எஸ்எஸ்34 ஷாட்கி போட்டிருக்கான். அது போன அன்னைக்கு நீரு என்ன செய்வீருன்னு எனக்குத் தெரியும். டப்பாவுல கெடக்குற 1என்4007ஐ எடுத்து ஈயத்தை வச்சு ஒட்டிருவீரு. "1000 வோல்ட் தாங்கும் மாமா, அதை விட ஒசத்தி"ன்னு விளக்கமும் குடுப்பீரு. ஒசத்திதான், யாரு இல்லேன்னா? 50 ஹெர்ட்ஸுக்கு ஒசத்தி. இங்க ஒரு சுத்தே 6.7 மைக்ரோ செகண்ட். கரண்ட்டு திசை மாறினதை 1என்4007 புரிஞ்சுக்கிடுறதுக்குள்ள அடுத்த சுத்து வந்து நிக்கும். டயோடும் கொதிக்கும், சில்லும் கொதிக்கும், ரெண்டும் சேந்து போய்ச் சேரும். அந்த இடத்துல ஷாட்கிதான், 1என்5822 மாதிரி. உம்ம 1என்4007க்கும் ஒரு வேலை இருக்கு. ரிலே காயிலுக்குக் குறுக்கே போடும். அங்க அது ராசா.

காயிலுக்கு வருவோம். வாங்கும்போது "33 மைக்ரோ ஹென்றி"ன்னு கேட்டு வாங்கிட்டு, எத்தனை ஆம்ப் வரைக்கும் தாங்கும்னு கேக்காம வந்திருப்பீரு. கேட்டா கௌரவக் கொறைச்சல். காயிலு கரண்ட் கூடக் கூட ஒரு அளவுக்கு மேல தன் கொணத்தை விட்டுரும். அதுக்கப்புறம் அது வெறும் செம்புக் கம்பிதான், கரண்ட் செங்குத்தா ஏறும். எல்எம்2596 தன் கரண்ட்டைத் தானே 3.6ல இருந்து 6.9 ஆம்ப்புக்குள்ள எங்கயோ ஒரு இடத்துல நிறுத்திக்கிடும், சராசரியா 4.5. அது வரைக்கும் கொணம் மாறாத காயிலா வாங்கணும்.

இன்னொரு சூட்சுமம். மேல எல்எம்2596னு பேரு அடிச்சிருக்கிறவன் எல்லாம் எல்எம்2596 இல்ல. ஆசிலோஸ்கோப்பை அவுட்புட் காலுல வச்சுப் பாத்தா 150 கிலோ ஹெர்ட்ஸ் இருக்கணும். அம்பது சொச்சம் காட்டுச்சுன்னா, அது பழைய எல்எம்2576 வகையறாவுக்கு இந்தப் பேரை வச்சு விட்டிருக்கான்னு சந்தேகப்படும். பேரு மாறினதுல ஒண்ணும் இல்ல. அலைவு மூணுல ஒரு பங்கா எறங்கினா காயில்ல ஆடுற கரண்ட் மூணு மடங்கா ஏறும். உம்ம கணக்கு அத்தனையும் பாழ்.

சூட்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம். நம்ம மோட்டார் ரூமு ஏசி ரூமாச்சே! மேல தகரம், சித்திரை வெயிலு, மத்தியானம் ரெண்டு மணி. இப்போதைக்கு மோடம் சராசரியாக் கொஞ்சந்தான் இழுக்குது, உம்ம நல்ல காலம். நாளைக்கு இதே போர்டுல கேமரா, லைட்டுன்னு மாட்டி 3 ஆம்ப் இழுக்கப் போறீராமே? கணக்குப் போடுவோம். 12ல இருந்து 4க்கு, 3 ஆம்ப்ல, சில்லுல மட்டும் சுமார் ஒன்றரை வாட் சூடு, டயோடுல கிட்டத்தட்ட 1 வாட். அந்தச் சின்ன போர்டுல இருக்கிற செம்பை வச்சுப் பாத்தா வாட்டுக்கு 50 டிகிரிக்குக் கொறையாம ஏறும். ஒன்றரை வாட்டுக்கு 75. பெட்டிக்குள்ள ஏற்கெனவே 55ன்னா, மொத்தம் 130. சில்லு தாங்குறது 125. வித்தவன் பொய் சொல்லல மாப்ளே. அது 3 ஆம்ப் குடுக்கும். எவ்வளவு நேரம்னு நீரும் கேக்கல, அவனும் சொல்லல.

சில்லாவது சூடேறினா தானா நின்னுக்கிடும். கெப்பாசிட்டருக்கு அந்தப் புத்தி கெடையாது. "105 டிகிரி, 2000 மணி நேரம்"னு போட்ட எலக்ட்ரோலிட்டிக், சூடு 10 டிகிரி கொறையுறதுக்கு ஒரு தடவை ஆயுசு ரெட்டிக்கும். 65 டிகிரியில 32,000 மணி நேரம், மூணரை வருஷம். 75ல வச்சா ரெண்டு வருஷத்துக்கும் கீழ. உம்ம பெட்டிக்குக் கியாரண்டி எத்தனை வருஷம் எழுதிக் குடுத்தீரு? அஞ்சா? நல்லது, நல்லது.

"அப்பச் செராமிக் போட்டுருதேன் மாமா, சாகாது"ங்கீரா? போடும், ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போடும். எல்எம்2596 பழைய ஆளு. அவுட்புட் கெப்பாசிட்டருக்குள்ள கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாத்தான் அதுக்கு நிதானம் வரும். வெறும் செராமிக்கா அடுக்கினீருன்னா அது ஆட ஆரம்பிச்சிரும். இன்புட்ல வெறும் செராமிக் போட்டு நீள ஒயர்ல பேட்டரியைப் படக்குன்னு சொருகினா, ஒயரோட இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டரும் சேந்து ஒரு குதி குதிக்கும். வோல்ட் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரைக்கும் போய்த் திரும்பும். எம்பி1584னு இதை விடச் சின்ன போர்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்கீரே, அதுக்கு 28 வோல்ட்தான் எல்லை. 14.4ஐ ரெட்டியும். 28.8! சொருகின ஒடனே புகை வரும், நீரு பேட்டரியைக் கொறை சொல்லுவீரு. இன்புட்ல 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒண்ணும் கூடப் போடும், அது அந்தக் குதியை அமுக்கிரும். பக்கத்துலயே 18 வோல்ட் டிவிஎஸ் டயோடு ஒண்ணு வையும். மின்னலோ கான்டாக்டரோ உதைச்சா, அது சுமார் 29 வோல்ட்டோட பிடிச்சு நிறுத்தும். எல்எம்2596க்கு அது போதும், அது 45 வரைக்கும் தாங்குற ஆளு. எம்பி1584க்கு அதுவும் போதாது.

இப்ப உம்ம பெரிய சந்தேகத்துக்கு வாரேன். "மீட்டர்ல சரியா 4 வோல்ட் காட்டுது மாமா, ஆனா கால் பண்ணினா மோடம் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. சிம் கம்பெனிக்காரன் சரியில்ல"ன்னீரே. சிம் கம்பெனிக்காரனை எதுக்கு வையிதீரு? 2ஜி மோடம் பேசும்போது தொடர்ந்து கரண்ட் இழுக்காது. 4.6 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, 577 மைக்ரோ செகண்ட் நேரம் மட்டும், 2 ஆம்ப் வரைக்கும் ஒரே இழுப்பா இழுக்கும். நீரு போட்டிருக்கிறது தலைமுடி கனத்துல ஜம்பர் ஒயர். போக வர ஒயரும் சொருகலும் சேந்து 0.2 ஓம் இருந்தாப் போதும், 2 ஆம்ப்புக்கு 0.4 வோல்ட் அங்கயே காலி. மோடத்துகிட்ட 3.6. சொருகல் கொஞ்சம் லூசாகி 0.3 ஓம் ஆச்சுன்னா 3.4, எல்லையில நிக்குது. ஒரு மூச்சு விட்டா மோடம் அணையும். மீட்டரு சராசரியைத்தான் காட்டும், அந்த 577 மைக்ரோ செகண்ட் பள்ளம் அதுக்குத் தெரியாது. ஸ்கோப்பை மோடத்தோட காலுலயே வச்சுப் பாரும். கனமான ஒயரு, ஒரு சாணுக்கு மேல வேண்டாம், சொருகாம ஈயம் வச்சு. மோடத்தை ஒட்டி 1000 மைக்ரோ ஃபாரட் ஒண்ணு. பெறகு சிம் கம்பெனிக்காரன் நல்லவன் ஆயிருவான்.

அடுத்த தடவை சொந்தமாப் போர்டு போடப் போறீராமே, சந்தோசம். இன்புட் கெப்பாசிட்டர், சில்லு, டயோடு மூணும் ஒட்டி ஒட்டி இருக்கட்டும். கரண்ட் படக்குப் படக்குன்னு மாறுற வளையம் அதுதான். அதைப் பெருசா வரைஞ்சா பெட்டி முழுக்க இரைச்சல். ஃபீட்பேக் ஒயரைக் காயிலுக்கு அடியில கொண்டு போகாதேயும். பிரெட்போர்டுல குத்தி வச்சுப் பாத்துட்டு "டிசைன் சரியில்ல"ன்னு சொல்லாதேயும், அங்க எவன் டிசைனும் சரியா இருக்காது.

சோலார் பேனலை நேரா இதுல கோக்கலாமேன்னு ஒரு யோசனை வச்சிருக்கீருன்னு கேள்விப்பட்டேன். கோத்துப் பாரும், வேடிக்கையா இருக்கும். சாதாரண ரெசிஸ்டருக்கு வோல்ட் கொறைஞ்சா கரண்ட்டும் கொறையும். பக் ரெகுலேட்டருக்கு நேர்மாறு. அவுட்புட்ல அதே பவர் குடுத்தாகணும், அதனால இன்புட் வோல்ட் கொறையக் கொறைய அது கரண்ட்டைக் கூட்டி இழுக்கும். மேகம் மறைச்சா பேனல் தளரும், ரெகுலேட்டர் இன்னும் இழுக்கும், பேனல் இன்னும் தளரும், கடைசியில ரெண்டும் படுத்துரும். இந்தக் கொணத்தால இன்புட் ஃபில்டர் போட்டாக்கூட அது ஆடும்னு கலிஃபோர்னியா வாத்தியார் மிடில்புரூக் 1976லயே எழுதி வச்சிட்டாரு. ஒரு அளவுக்குக் கீழ வோல்ட் எறங்கினா ரெகுலேட்டரை நிறுத்தி வைக்கிற ஏற்பாடு ஒண்ணு வையும். அதுக்குன்னே அந்தச் சில்லுல ஆன் ஆஃப் கால் ஒண்ணு சும்மா கெடக்கு.

இன்னொரு விவகாரம், இதுல நான் கேலி பண்ண மாட்டேன். பேட்டரிச் சார்ஜருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், 230 வோல்ட்ல இருந்தே நேரா எறக்குற பக் சில்லு இருக்குன்னு உம்ம சேக்காளி சொன்னானாமே. இருக்குதான். அதுல இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல தடுப்பே கெடையாது. மைனஸ் ஒயரும் கரண்ட் லைனோட ஒட்டிக்கிட்டு நிக்கும். மூடின மிக்சிக்குள்ள வைக்கலாம். ஈரக்காலோட உள்ள வர்ற மோட்டார் ரூமுல, பேட்டரி டெர்மினலைக் கையால தொடுற இடத்துல, வைக்கவே கூடாது. தடுப்புள்ள சார்ஜர்தான் வாங்கணும்.

கடைசியா உம்ம ரிலே. ஒரு ரிலே ஸ்டார்ட் பட்டனை அமுக்குது, இன்னொரு ரிலே ஸ்டாப் பட்டனை அமுக்குது. ஸ்டார்ட்டர் தன்னைத் தானே பிடிச்சுக்கிட்டு ஓடும். நல்ல ஏற்பாடு. மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கும்போது உம்ம ரெகுலேட்டர் செத்துட்டா யாரு ஸ்டாப்பை அமுக்குவா? படுத்த பாயில இருந்து நீரு போன் அடிப்பீரு, எடுக்க ஆளிருக்காது. கிணத்துல தண்ணி வத்தின பெறகும் மோட்டார் ஓடும், காயில் கருகும். ரீவைண்டிங் வேலை எங்கிட்டதான் வரும், எனக்கு லாபம்தான். ஆனா உம்ம அக்கா முகத்துக்காகச் சொல்லுதேன்: ஸ்டார்ட்டரோட பிடிப்பு ஒயர்ல ஒரு ரிலேயைத் தொடரா வையும். பெட்டி உசுரோட இருந்தாத்தான் அது ஒட்டி நிக்கணும். பெட்டி செத்தா ரிலே விடும், கான்டாக்டர் விழும், மோட்டார் நிக்கும்.

இதெல்லாம் மாட்டினா முடிஞ்சுதுன்னு நெனைச்சிராதேயும். வயக்காடு உம்மைச் சோதிக்கிறதுக்கு முன்னாடி நீரே பெட்டியைச் சோதிச்சிரும். பேட்டரியைத் தலைகீழா மாட்டும். தலைகீழானா தாங்குறதுக்கு பி-சேனல் மாஸ்ஃபெட்டோ ஒரு ஷாட்கியோ வச்சிருக்கீரான்னு அப்பத் தெரியும். அவுட்புட்டை ஷார்ட் பண்ணும். இன்புட்டை மெள்ள மெள்ள ஏத்தி எறக்கும். முழு லோடோட பெட்டியை மூடி மத்தியான வெயில்ல வையும். மோடத்தைக் கழத்தி அந்த இடத்துல ஒரு பல்பை மாட்டிட்டு, ஃபீட்பேக் ஒயரை வெட்டிப் பாரும். க்ரோபார் அடிச்சு அவுட்புட்டைக் கீழ அமுக்கணும். அமுக்கினா, நீரு பாஸ்.

நான் சொன்னதுல ஒண்ணு கூட வெலை கூடின சாமான் கெடையாது. ஃபியூஸ், ரெண்டு ரெசிஸ்டர், ஒரு தைரிஸ்டர், ஒரு டிஎல்431, கொஞ்சம் கனமான ஒயரு. எல்லாம் சேந்தாலும் ஒரு மோடம் வெலை வராது, ஒரு மோட்டார் ரீவைண்டிங் கூலிக்குப் பக்கத்துலயே வராது. கெட்டுப் போகாத சாமான் எதுவும் கெடையாது மாப்ளே. பெட்டியில இருக்கிற ஒவ்வொரு சாமானையும் பாத்து ஒரே கேள்வி கேளும்: "நீ செத்தா எந்தப் பக்கம் விழுவே, யாரைக் கூட்டிக்கிட்டுப் போவே?" பதில் தெரியாத சாமான் ஒண்ணு இருக்கிற வரைக்கும் பெட்டியை மோட்டார் ரூமுல மாட்டாதேயும். அந்தப் பிரிசெட்டை இன்னைக்கே கழத்திரும்.